அசல் அளவில் ஐயா

பொதுமக்களின் நலனைக் கருத்தில் கொண்டு குடிநீர் வாரியம் ஒரு கைபேசிச் செயலியை வெளியிட்டது. இனி நேரில் வந்து சொல்லும் புகார் செல்லாது, எழுதிக் கொடுக்கும் புகாரும் செல்லாது, செயலியில் பதிந்து எண் பெற்ற புகாரே புகார் என்று வாசலில் பலகை வைத்தார்கள். புகார் வாங்கிக்கொண்டிருந்த சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிப்படையான நிர்வாகத்துக்கு அதுதான் முதல் படியாம்.

செயலியை எழுதியவரை வாரியத்தில் எல்லோரும் ஆப்காரர் என்றே கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அவருடைய போதாத காலம், செயலி வெளியான வாரமே அவர் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டது. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. தெருமுனை வால்வை யாரோ மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் திறக்க வேண்டிய வால்வுக்காரர், கையில் நீளச் சாவியோடு வாரியத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு திருகு திருகிட்டு வந்துடுங்களேன்" என்றார் ஆப்காரர்.

"அதுக்கென்ன சார், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடியற வேலை. புகார் எண்ணைச் சொல்லுங்க, இப்பவே கிளம்பறேன்."

எண் வேண்டுமென்றால் செயலி திறக்க வேண்டும். திறந்தது. வாரியத் தலைவரின் திருமுகம் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. மூக்கு வரை வந்ததும் செயலி தானாகவே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், இந்த முறை புருவத்தோடு சரி. தெருவில் யார் கைபேசியிலும் தலைவர் வாய்வரை வந்து சேரவில்லை.

"என்னங்க, ஊருக்கே ஆப் எழுதித் தர்றீங்க. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி வரவைக்க முடியலையா?" என்று கேட்டாள் மனைவி. தண்ணீர் லாரிக்குப் போவதற்காக இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நின்றாள். கேள்வி நியாயமாக இருந்ததால் அவருக்குக் கோபம் வந்தது.

நோய் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். முகப்பில் தலைவர் படத்துக்கு ஒதுக்கிய இடம் கட்டைவிரல் அகலம். வந்த படமோ, கட்டடத்தின் உச்சியில் பதாகை கட்டுவதற்காக எடுத்தது. கோப்பாக இருக்கும்வரை அது சமர்த்தாகத்தான் இருந்தது. திரையில் காட்டப்போகும் நேரத்தில் முழுதாக விரிந்து கைபேசியின் நினைவகத்தை அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டிப்போய்ச் செயலி விழுந்தது. இதைக் கண்காணிப்பாளரிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னார்.

"சுருட்டி வச்ச பாய் மாதிரி சார். மூலையில சாத்தி வச்சா இடம் அடைக்காது. விரிச்சா அறை முழுக்க அதுதான்."

"ஐயா படத்தைப் பாய்ங்கறீங்களா?"

"உதாரணத்துக்குச் சொன்னேன் சார். படத்தைச் சின்னதாக்கிட்டா போதும்."

"எவ்வளவு சின்னதா?"

"நூத்துல ஒரு பங்கு. பார்க்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

கண்காணிப்பாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஐயாவை நூத்துல ஒரு பங்காக்கினாலும் வித்தியாசம் தெரியாதுங்கறீங்க. நீங்க இதை எங்கிட்டச் சொல்லல, நான் கேட்கல. போய் வேலையைப் பாருங்க."

வேலையைத்தான் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் படத்தைச் சுருக்கித் தம் கைபேசியில் ஏற்றினார். தலைவர் ஒரே மூச்சில் நெற்றி முதல் கழுத்துப்பட்டை வரை வந்து நின்று சிரித்தார். புகார்ப் பக்கம் திறந்தது. ஆப்காரருக்குக் கண் கலங்கியது. தெருப் பெயரைப் பாதி அடிப்பதற்குள் கண்காணிப்பாளரின் கை தோளுக்கு மேலாக வந்து கைபேசியை வாங்கியது. இரண்டு விரல்களால் தலைவரின் கன்னத்தை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மச்சம் எங்கே?"

"சின்னதாக்கும்போது அது போயிருக்கும் சார்."

"வலது கன்னத்தில் ஒரு மச்சம். ஐயாவோட பணிப்பதிவேட்டிலே அங்க அடையாளம்னு எழுதியிருக்கு. மச்சம் இல்லாதவர் சட்டப்படி ஐயா இல்லை. ஐயா இல்லாத யாரோ ஒருத்தர் முகத்தை வாரியத்தோட செயலியிலே போட்டிருக்கீங்க. ஆள்மாறாட்டம்னா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

ஆப்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. படம் பழையபடி அசல் அளவுக்குத் திரும்பியது.

விஷயம் இதற்குள் மேலே போய்விட்டதால் குழு அமைத்தார்கள். குழு தலைவரின் அறையிலேயே கூடி, தலைவரின் சொந்தக் கைபேசியிலேயே செயலியைச் சோதித்தது. கடையில் இருப்பதிலேயே உயர்ந்த ரகம் அது. செயலி கண் சிமிட்டாமல் ஓடியது. ஆகவே செயலியில் எவ்விதக் குறைபாடும் இல்லை என்றும், பொதுமக்களின் கைபேசிகளில்தான் போதிய நினைவகமும் போதிய மரியாதையும் இல்லை என்றும் குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. தலைவர் படம் மட்டும் தனியாக இருப்பது நிர்வாகப் படிநிலைக்குப் பொருந்தாது என்பதால், அவருக்குக் கீழே தலைமைப் பொறியாளர், மண்டல அதிகாரிகள், குழு உறுப்பினர்கள் ஆகியோரின் படங்களையும் அசல் அளவில் சேர்க்கப் பரிந்துரைத்தது.

ஆப்காரர் கடைசியாக ஒரு முறை வாயைத் திறந்தார். "சேர்த்துடலாம் சார். ஆனா விரலால தள்ளும்போது திரையை விட்டு மேல போற படத்தையாவது நினைவகத்திலேருந்து எடுத்துடலாமே. திரும்ப வந்தா திரும்பக் காட்டிக்கலாம்."

அதற்குப் பதில் எழுத்து மூலமாகவே வந்தது. 'கண்ணுக்குத் தெரியவில்லை என்ற காரணத்தால் எந்த அதிகாரியையும் எவ்விடத்திலிருந்தும் அகற்ற இயலாது. பார்வையில் படாத அதிகாரியும் பொறுப்பில் இருப்பவரே.'

அடுத்த பதிப்பில் தலைவரின் நெற்றிகூட யாருக்கும் கிடைக்கவில்லை. செயலியைத் தொட்டதுமே கைபேசி சூடாகி அணைந்தது. மாதங்கள் ஓடின. வால்வுக்காரர் வாசலில் சாவியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு எண்ணுக்காகக் காத்திருந்தார். வாரியத்துக்கு ஒரு புகார்கூட வரவில்லை.

ஒரு புகார்கூட வராத வாரியம் நாட்டிலேயே இது ஒன்றுதான் என்று மேலிடம் கண்டுபிடித்து விருது கொடுத்தது. விழா மேடையில் தலைவர் ஆப்காரரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "இந்தப் பெருமை எல்லாம் இவரைத்தான் சேரும். இவர் படமும் செயலியிலே இடம்பெறணும். என் படத்துக்குப் பக்கத்திலேயே."

வேண்டாம் சார், இன்னொரு படத்தைத் தாங்காது சார் என்று சொல்ல வந்தார். கூட்டம் கை தட்டியது. உண்மையைச் சொன்னால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை. தம் படத்தைக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒழுங்காகச் சுருக்கி, மறுநாள் வீட்டுக் கணினியில் மனைவிக்குக் காட்டினார். அவள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்து பார்த்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"இதோ, ஐயாவுக்குப் பக்கத்துல."

"அவரைப் பெரிசாக்கினா மீசை முடியை எண்ணலாம். உங்களைப் பெரிசாக்கினா கட்டம் கட்டமா வருதே. எங்க அக்கா கேட்டா இவர்தான்னு எப்படிச் சொல்றது?"

"பெரிசாப் போட்டா ஆப் திறக்காதும்மா."

"இப்ப மட்டும் திறக்குதாக்கும்?"

ஆப்காரர் தம்முடைய படத்தையும் அசல் அளவிலேயே ஏற்றி வெளியிட்டார்.

மனைவி உடனே அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, வாரிய ஆப்பைத் திறந்து பாரேன். அவர் படம் வந்திருக்கு. என்னது, போனே அணைஞ்சு போச்சா? அது உன் போன் பழசுக்கா. முதல்ல அதை மாத்து."

பேசி முடித்துவிட்டு இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களிடமும் செய்தியைச் சொன்னாள். தெருவுக்கே பெருமை என்றார்கள். தண்ணீர் பிடித்து முடித்ததும், கூச்சத்தோடு ஆளாளுக்கு அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பயனாளிகள் என்று ஒரு பக்கம் ஒதுக்கி அவர்கள் படத்தையும் அதில் போட முடியுமா? போட்டால் முகம் தெளிவாகத் தெரிகிற அளவில் போட முடியுமா?

வீட்டுக்காரரிடம் சொல்வதாக அவள் வாக்குக் கொடுத்தாள்.