பதினாலாம் வாரத்துச் சிப்

தியாம்ஹோக் அந்தச் சிப்பைப் பார்த்துவிட்டான். பார்த்த உடனே தலையைத் திருப்பி, மேலே தொங்கிய ஒயர் கட்டுகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான், ஒயர் வாங்கவே பிறந்தவன் மாதிரி.

தைச்சுங் நகரத்துக் கம்ப்யூட்டர் சந்தை தரைக்கு அடியில் இருக்கிறது. படியிறங்கினால் அறுபது கடை. அங்கே ஒரு சட்டம் உண்டு. எது வேண்டுமோ அதைக் கேட்கக் கூடாது. கண் போன இடத்துக்கு விலையும் போய்விடும்.

அவனுக்கு வேண்டியது பதினாலு. ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் அது செய்யப்பட்ட வாரத்தின் எண் பொடி எழுத்தில் இருக்கும். மற்றபடி எல்லாம் ஒரே சிப்தான். ஆனால் பதினாலாம் வாரத்துச் சிப்பை, கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் எவ்வளவு முடுக்கினாலும் மூச்சு வாங்காமல் ஓடும் என்று ஒரு மாதமாக இன்டர்நெட்டில் பேச்சு. மலிவுச் சிப்பைக் குதிரையாக்கும் கிறுக்கு அப்போது தைவான் முழுக்கப் பிடித்திருந்தது.

தியாம்ஹோக்குக்குக் கிறுக்கு மட்டுமல்ல, முதுகுவலியும் காரணம். அவன் மாடி மாடியாக ஏர்கண்டிஷனர் தூக்குகிறவன். வாரம் ஆறு நாள் தூக்கிவிட்டு, வருடத்துக்கு ஒருநாள், முன்னோர் கல்லறையைத் துப்புரவாக்கும் ஏப்ரல் நாளில், குன்றேறி மாமனார் கல்லறையில் புல்லும் வெட்டுவான். ஆளுயரப் புல், நடுவே குளவி. முறைப்படி அது மகன் செய்ய வேண்டிய வேலை. அந்த மகன் சுன்ஹியான் சிப் தொழிற்சாலையில் எஞ்சினியர். "என் கை சிப்பு தொடுற கை, மாப்பிள்ளை" என்று ஆறு வருடமாக அரிவாளை இவனிடம் நீட்டிவிட்டு, நிழலில் நின்று எந்தப் பக்கம் வெட்டலாம் என்று வழி சொல்லுவான்.

புத்தாண்டு விருந்தில் பேச்சு முற்றிப் பந்தயம் ஆனது. இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் இரண்டு பேர் கம்ப்யூட்டரையும் ஓட்டுவது. ஒரே கணக்கு, யாருடையது முந்துகிறது என்று பார்ப்பது. தோற்றவன் ஆயுசுக்கும் புல் வெட்ட வேண்டும். சுன்ஹியானுடைய கம்ப்யூட்டர் இவனுடைய நாலு மாதச் சம்பளம். இவன் பையில் இருந்தது மூவாயிரத்து ஐந்நூறு தைவான் டாலர், அதில் சிப்போடு மதர்போர்டும் வாங்க வேண்டும். இன்று சனிக்கிழமை.

"என்ன வேணும் தம்பி?" என்றாள் கடைக்காரி கிம்லியான். மடியில் பன்றிக்கறிச் சோற்றுப் பெட்டி.

"சும்மா பாக்குறேன்க்கா."

"ஒயரையா?"

"ஒயரைத்தான்." விட்டிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "இருபத்திரண்டு இருக்கா?"

"என்ன இருபத்திரண்டு?"

"இருபத்திரண்டாம் வாரத்துச் சிப்பு."

அக்காவின் சோற்றுக் குச்சி பாதி வழியில் நின்றது. "அது ஒண்ணுகூட இல்லை. ஊரெல்லாம் பதினாலு கேக்குது. நீ எதுக்கு அதைக் கேக்குற?"

"கேக்குறவங்க கேக்கட்டும்க்கா. எனக்கென்ன."

அவளுடைய கண் சுருங்கியது. தியாம்ஹோக்குக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. போகிற போக்கில் கேட்பதுபோல், "ஆமா, அந்தப் பதினாலு என்ன விலை?" என்றான்.

"ரெண்டாயிரத்து நானூறு."

"கொஞ்சம் கீழ இறங்கி வாங்கக்கா."

"தரைக்கு அடியிலதானே உக்காந்திருக்கேன். இன்னும் இறங்கினா சாக்கடைதான்."

அங்கேதான் அவனுக்கு யோசனை வந்தது. எல்லாக் கடையிலும் இருபத்திரண்டையே கேட்போம். பதினாலைச் சீந்த ஆள் இல்லை என்று நினைத்து, சாயங்காலத்துக்குள் விலை படுத்துவிடும்.

ஏழு கடையில் கேட்டான். எட்டாவது கடையில் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இருபத்திரண்டு தீந்துபோச்சுங்க" என்றார் கடைக்காரர்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"தொப்பி போட்ட ஒருத்தர் தேடுறார்னு போன் வந்துச்சு."

தியாம்ஹோக் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். ஒன்பதாவது கடைக்காரர், "தொப்பியைக் கழட்டின அண்ணே, வாங்க" என்று வரவேற்றார்.

அந்தக் கடையில் ஒரு மதர்போர்டு கிடந்தது. யாரோ திருப்பிக் கொடுத்தது, பெட்டி கிழிசல், ஆனால் முடுக்குவதற்கென்றே செய்த போர்டு. தனியாகத் தர மாட்டேன் என்றார் அவர். கூடவே கடைசியாக மிச்சமிருந்த இருபத்திரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் சேர்த்து இரண்டாயிரம். மறுத்தால் இவ்வளவு நேரம் சொன்ன பொய் உடைந்துபோகும். தியாம்ஹோக் வாங்கினான். கையில் மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு. பொய்க்கும் முதல் போட வேண்டியிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மேலே போய் நூடுல்ஸ் சாப்பிட்டுப் பாக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.

திரும்ப இறங்கி வந்தபோது சந்தையில் கால் வைக்க இடமில்லை. கிம்லியான் கடை முன்னால் மூன்று வரிசைக்கு ஆள். பதினாலு இருந்த தட்டு காலி.

"பதினாலு எங்கக்கா?"

"அதை யாருப்பா இனிமே வாங்குவா? எல்லாத்தையும் உள்ள அனுப்பிட்டோம். இந்தா இருபத்திரண்டு, நெறைய வந்திருக்கு. மூவாயிரம்."

"காலையில ஒண்ணுகூட இல்லைன்னீங்களே?"

"காலையில நீ ஒருத்தன்தான் கேட்டே."

தியாம்ஹோக் தான் கிளப்பிய புரளியைத் தானே அடக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். ஒரு காலிப் பெட்டி மேல் ஏறி நின்று, "இருபத்திரண்டு நல்லா இல்லைங்க. என் கூட்டாளி வீட்ல கருகிப்போச்சு" என்றான்.

வெள்ளைக் கோட்டோடு நின்ற ஒரு பல் டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கிளினிக்கில் நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"இவர்தான் அந்தத் தொப்பிக்காரர்" என்றார் டாக்டர். "எல்லாத்தையும் தானே வாரணும்னு விலையை இறக்கப் பாக்குறார்."

விலை மூவாயிரத்து நானூறு ஆனது.

அப்போது போன் அடித்தது. மச்சான் சுன்ஹியான்.

"மாப்பிள்ளை, எங்க இருக்கே?"

"வீட்லதான் மச்சான்."

"பின்னாடி யாரோ இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு கத்துறாங்க?"

"டிவி மச்சான். லாட்டரி."

"நீ இன்னமும் பதினாலுக்கு அலையுறியாம், தங்கச்சி பிக்ஹுன் சொன்னா. பாவமா இருக்குது, அதான் சொல்றேன். பதினாலெல்லாம் பழங்கதை. இருபத்திரண்டாம் வாரம் சிப்பு செய்யுற மெஷினுக்கெல்லாம் புது லென்சு மாட்டினாங்களாம், எங்க ஆபீஸ்லயே அதான் பேச்சு."

"யாரு சொன்னா?"

"நம்பகமான இடம். தைச்சுங்ல தொப்பி போட்ட நிபுணர் ஒருத்தர் இருக்காராம். ஆளு வாயே திறக்க மாட்டாராம்."

தியாம்ஹோக் போனை மூடினான். தொப்பிக்கார நிபுணர் யார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் புது லென்சு விஷயம் அவன் சொன்னதில்லையே. சிப் செய்கிற ஆபீஸில் காரணமில்லாமல் பேசுவார்களா? ஒருவேளை காலையில் தன் வாயில் அந்த எண் வந்ததே சாமி செயலோ?

யாரோ தோளைத் தட்டினார்கள். பல் டாக்டர். ஓரமாகக் கூட்டிப்போய்க் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்.

"போன வாரம் வாங்கினது. பதினாலு. பிரிக்கவே இல்லை. உங்ககிட்ட இருக்குற இருபத்திரண்டைக் கொடுங்க, இதையும் தர்றேன், மேல ஐந்நூறும் தர்றேன்."

காலையிலிருந்து எதற்கு அலைந்தானோ அது உள்ளங்கைக்கு வந்துவிட்டது, காசும் சேர்ந்து. தியாம்ஹோக் பைக்குள் கையை விட்டான். விரல் இருபத்திரண்டைத் தொட்டது. வெளியே எடுக்க மனசு வரவில்லை.

"வேணாம் டாக்டர்."

"எண்ணூறு?"

"உங்களுக்கும் எனக்கும் தெரியும் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டான். என்ன தெரியும் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டில் பிக்ஹுன் சோற்றைப் போட்டுவிட்டு, "பதினாலு கிடைச்சுதாங்க?" என்றாள்.

"இருபத்திரண்டு."

"அது யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு யாரு சொன்னது?"

தியாம்ஹோக் மீன் முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக் கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டரும் எதிரெதிரே உட்கார்ந்தன. சுன்ஹியானுடையது வெள்ளிப் பெட்டிக்குள் நீல விளக்கோடு மின்னியது. தியாம்ஹோக்குடையது சட்டை போடாத ஆள் மாதிரி எலும்பும் தோலுமாக மேசைமேல் பரந்து கிடந்தது. சிப்பின் மேலிருக்கும் பொன்புள்ளிகளைப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்திருந்தான். அப்படிச் செய்தால்தான் வேகத்துக்குக் கம்பெனி போட்ட பூட்டுத் திறக்கும். மேலே விசிறி, விசிறிக்குப் பக்கத்தில் மாமியாருடைய டேபிள் ஃபேன், அதற்கு முன்னால் பனியில் உறைந்த மீன் உருண்டைப் பொட்டலம்.

"குளுகுளுன்னு காத்து போகணும் அத்தை."

"ராத்திரி சூப்புக்கு வெச்சது. பந்தயம் முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும்" என்றாள் மாமியார்.

வட்டக் கணக்கில் வரும் 'பை' என்ற அந்த முடியாத எண்ணைப் பத்து லட்சம் இலக்கம்வரை போட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானைத் தட்டினார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மீன் உருண்டை சொட்டியது. மேசை அதிர்ந்தது. பிக்ஹுன் பொட்டலத்தைத் திருப்பிப் போட்டாள். தியாம்ஹோக் வாய்க்குள் "இருபத்திரண்டு, இருபத்திரண்டு" என்று ஜெபித்தான்.

அவனுடைய திரை முதலில் நின்றது. பதினொரு விநாடி கழித்துத்தான் வெள்ளிப் பெட்டி முடித்தது.

தியாம்ஹோக் மனைவியைத் தூக்கிச் சுற்றினான். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு கனத்தைத் தூக்கும்போது முதுகு வலிக்கவில்லை. மாமியார் சமையலறைக்குப் போய் அரிவாளைக் கொண்டுவந்து மகன் மடியில் வைத்தாள். "ஆறு வருஷமா மாப்பிள்ளை மூஞ்சியையே பாத்து உங்கப்பாவுக்கு அலுத்திருக்கும். இந்த வருஷம் உன்னைப் பாக்கட்டும்."

சுன்ஹியான் அரிவாளைத் தொடவில்லை.

"இது அதிர்ஷ்டம்" என்றான். "அதிர்ஷ்டத்துக்கெல்லாம் நான் குனிய மாட்டேன். அறிவுக்குத்தான் குனிவேன். இருபத்திரண்டுதான் நல்லதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது? தியாம்ஹோக் பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"நீயா?" என்றான் சுன்ஹியான். எழுந்தே நின்றுவிட்டான். "எங்க டைரக்டர்கூட உன்னைப் பத்தித்தான் பேசினார் மாப்பிள்ளை. நீ சிப்பைப் பாத்து எடுக்குறதை ஒரே ஒருதடவை என் கண்ணால பாத்துட்டேன்னா, அரிவாளை நானே கேட்டு வாங்கிக்குறேன். சாகுறவரைக்கும் வெட்டுறேன்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் படியிறங்கினார்கள். தொப்பி முன்னால் போனது. கடைக்காரர்கள் வழிவிட்டார்கள். ஒருவர் குளிர்ந்த தேநீர் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தியாம்ஹோக் அங்கங்கே நின்று, ஒரு சிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தான். சுன்ஹியான் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தான்.

"எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிக்குறே?"

"பாத்தா தெரியும் மச்சான். முதுகுல எழுதின எழுத்துலயே ஒரு உயிர் இருக்கும். அது கம்பெனிக்காரனுக்கே தெரியாது."

சுன்ஹியான் பேனாவை மூடினான். "ஒத்துக்குறேன். இனிமே அரிவாள் என்னுது" என்று சொல்லி, நடுச்சந்தையில் தலை குனிந்து வணங்கினான்.

கிம்லியான் கடைக்குப் பின்னாலிருந்த திரை விலகியது. ஒல்லியாக ஒரு பெண் வெளியே வந்தாள். பத்து விரலிலும் வெள்ளி மை. தொப்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நேரத்தோட வந்தீங்க அண்ணே, இன்னிக்கு எந்த வாரம் போடணும்னு இப்பவே சொல்லிடுங்க. போன வாரம் மாதிரி பதினாலை அடிச்சு முடிச்சப்புறம் இருபத்திரண்டுன்னு மாத்தினீங்கன்னா, அத்தனையும் சுரண்டி மறுபடி அச்சடிக்க என் விரல்ல தெம்பில்லை."