கங்கையம்மன் கோயில் ஒலிபெருக்கியில் என் ஆல்பம்

வாயால் சொல்லத் தைரியம் இல்லாதவன்தான் கலை பக்கம் ஒதுங்குகிறான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். கவிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என்னை வைத்துத்தான் சொல்கிறேன். எனக்குக் கவிதையும் வராது. ஆகவே ஆல்பம் போட்டேன்.

ஆல்பம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அப்போது கேளம்பாக்கத்தில் நண்பர்களோடு ஒரு ஃபிளாட்டில் தங்கி ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்ரூமுக்குள் கிதாரோடு உட்கார்ந்து, கீறல் விழுந்த போனில் பதிவு செய்தேன். லோ-ஃபை போஸ்ட்-ராக் என்று இதற்குப் பெயர். அதாவது, பாடகர் இருக்க மாட்டார், வரிகள் இருக்காது. 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு அடியில் கிதார் அதே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டும். மெதுவாக, மிக மிக மெதுவாக ஏறி, கடைசியில் ஒரேயடியாகப் பொங்கும். (அதுவரை யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.) அணுபுரத்திலிருந்து வந்திருந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள்.

அது அம்மாவுக்காகப் போட்டதில்லை. சந்தியாவுக்காகப் போட்டது. ஆபீசில் எனக்கு அடுத்த இருக்கை அவளுடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். அவள் லீவு போட்ட நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அவள் வந்த நாட்களில் பேச்சு வராது. அப்படியே வருடங்கள் ஓடின. திடீரென்று அவளுக்குக் கனடாவில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் விமானம். போவதற்குள் சொல்லியாக வேண்டும்.

காற்று பலமாக அடித்த ஒரு சனிக்கிழமை அவள் ஊர்க் கடற்கரைக்குத் தனியாகப் போய், காற்றையும் அலையையும் போனில் பிடித்துவந்து, அதன்மேல்தான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டை வாசித்திருந்தேன். கேட்டால் புரிந்துகொள்வாள் என்று நம்பினேன். (எப்படிப் புரியும் என்று கேட்காதீர்கள். இருபத்தாறு வயது.)

ஆடியில் அவள் ஊரில் கங்கையம்மன் திருவிழா. "நீயும் வாயேன். உன் மியூசிக்க எங்க ஊரு மைக்செட்டுல போட்டுடலாம், ஊரே கேக்கட்டும்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் பென்டிரைவோடு போய் இறங்கினேன்.

மைக்செட் சேகர் அதை வாங்கிப் பார்த்து, "குத்துப்பாட்டா அண்ணாத்த?" என்றார்.

"இல்லண்ணா, கொஞ்சம் மெதுவா ஏறும்."

"ஏறட்டும், இன்னா இப்போ!" என்று அம்மன் பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டார்.

'உஸ்ஸ்ஸ்...'

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த ஊரில் பாட்டு நின்று ஒலிபெருக்கி வெறுமனே இரைந்தால், யாரோ மைக்கைத் திறந்திருக்கிறார்கள், அறிவிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். காற்று வருகிறது, கடலுக்குப் போகாதே என்பதையெல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். கூழ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் குண்டானும் கையுமாக அப்படியே நின்றார்கள். பம்பைக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். ஆகா, நம் இசைக்கு ஊரே சொக்கி நிற்கிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

இரைச்சலோடு நான் பதிந்து வைத்திருந்த காற்றும் சேர்ந்து ஏறியது, கிதார் அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்தது.

"இன்னாபா, காத்து இப்டி வாங்குது?" என்றார் ஒருவர்.

"கரையிலேர்ந்து எவனோ மைக்கப் போட்டுக்கிறான். பெருங்காத்து வந்துகினு கீது. போட்டையெல்லாம் கரை ஏத்துங்கடா!" என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டிக் கரைக்கு ஓடினார்கள். பெண்கள் காயப்போட்ட கருவாட்டை அள்ளினார்கள். டிராக்டர் வந்து படகுகளை மேட்டுக்கு இழுத்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. கடல் குளம்போலக் கிடந்தது. இங்கே என் கிதார் பொங்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

பொங்கவில்லை. ஊர்த் தலைவர் ஏழுமலை மூச்சிரைக்க ஓடிவந்து செட்டை அணைத்தார். அவர்தான் சந்தியாவின் அப்பா. சேகர் தயங்காமல் என்னைக் கைகாட்டினார்.

"இன்னா தம்பி, இம்மா நேரமா இரைச்சல் வுட்டுகினு கீற? இன்னாதான் சொல்ல வந்த? சொல்லு!" என்று மைக்கை என் கையில் திணித்தார்.

ஊர் மொத்தமும் திரும்பி வந்து நின்றது. சந்தியா கருவாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். சொல்லேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"மைக்... டெஸ்டிங்" என்றேன்.

ஊர் சிரித்த சிரிப்பு கல்பாக்கம் வரை கேட்டிருக்கும். அடுத்த மாதம் அவள் கனடா போனாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. நான் அந்த ஊருக்கு ஆடி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். போகாமல் இருக்க முடியவில்லை, என்ன செய்வது! என்னைக் கண்டதும் ஏழுமலை கூப்பிட்டுக் கேட்பார்: "டெஸ்டிங் முட்ச்சிட்டியா தம்பி?" அவர் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

இந்த ஆடிக்குச் சந்தியா வந்திருந்தாள். "யாரும்மா இவரு?" என்றாள் அவள் மகள்.

"நம்ம ஊரு போட்டெல்லாம் ஒரே பாட்டுல கரை ஏத்துனவரு" என்று சிரித்தவள், மகள் அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பாட்ட அப்பா பாதிலயே நிறுத்திட்டாரு. கடைசில அதுல இன்னாதான் வரும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. அப்படியே அடங்கிடும்" என்றேன்.

"அட, அவ்ளோதானா!" என்றாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கூழ் வாங்கப் போனாள்.