மேனேஜருக்குக் கிடைத்த சிவப்பு அட்டை

யார் எண்ணிக் கொடுத்தாலும் நான் இன்னொரு முறை எண்ணுவேன். கோச்சடையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். பத்துச் சட்டை என்று கொடுப்பவர் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மட்டும் மூன்று தடவை எண்ணுவேன். (முகத்தைப் பார்க்காதது கூச்சம். மூன்று தடவை எண்ணுவது சந்தேகம்.) கூச்சம் மட்டும் இருந்திருந்தால் அன்று திருப்பரங்குன்றத்தில் என் மானம் போயிருக்காது.

என் மகள் செல்வி அப்போது பத்தாம் வகுப்பு, பள்ளி வாலிபால் அணிக்கு கேப்டன். திருப்பரங்குன்றத்தில் இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணியிலிருந்துதான் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுப்பார்கள் என்று பேச்சு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் மகள் விடுதியில் தங்கி மேலே படிக்க அது ஒன்றுதான் வழி.

கூட வர வேண்டிய ஒரு டீச்சருக்குக் காய்ச்சல். பி.டி. டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, மேனேஜர்னு ஒரு ஆளு பெஞ்சுல இருக்கணும். சும்மா உக்காந்தாப் போதும். வாயே தொறக்க வேணாம்.”

எனக்கென்றே செய்த வேலை. உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் எதிரே ஸ்கோர் போர்டில் எண் தகடுகளைத் திருப்புகிறவரைப் பார்த்தேன். எதிரணியின் பச்சை நிறத்திலேயே சட்டை. எதிரணிக் கோச்சிடம் கடலை வாங்கித் தின்றார். போதாதா?

நானும் இளவட்டத்தில் வைகைக் கரையில் வாலிபால் ஆடியவன்தான். அப்போது சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி. எதிராளி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும். இங்கேயோ, யார் சர்வீஸ் போட்டாலும் ஜெயித்தவருக்கெல்லாம் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார் அந்தக் கடலைக்காரர். பதினைந்தில் முடிய வேண்டிய ஆட்டம் இருபத்தைந்து வரை போனது. எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கட்டும் என்று இழுக்கிறார்கள் என நினைத்தேன். (கல்யாணத்துக்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை. நடுவில் சட்டம் மாறியதை என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை.)

முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது மட்டும் பதினைந்தோடு முடியும் என்றார்கள். நினைத்த நேரத்துக்கு நினைத்த கணக்கு! துண்டின் ஒரு முனையில் எங்கள் புள்ளிக்கும் மறுமுனையில் அவர்கள் புள்ளிக்கும் என் காலத்துக் கணக்குப்படி முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

போர்டு பதிமூன்றுக்குப் பதிமூன்று காட்டியபோது என் துண்டு ஏழுக்கு ஆறு காட்டியது. நாங்கள் முன்னால்!

பேச நாக்கு எழவில்லை. கால் எழுந்தது. நேராகப் போய் போர்டைப் பிடித்து, எங்கள் பக்கம் ஏழு, அவர்கள் பக்கம் ஆறு என்று திருப்பினேன்.

“யோவ், யாருய்யா நீ?” என்றார் கடலைக்காரர்.

“மேனேஜர்” என்றேன். அன்று நான் மைதானத்தில் பேசிய ஒரே வார்த்தை.

விசில். உயரத்தில் நின்ற நடுவர் என்னை நோக்கிச் சிவப்பு அட்டையை நீட்டினார்.

கபடியில் அவுட்டானால் வெளியே போகலாம். நம் ஆள் புள்ளி எடுத்தால் திரும்ப உள்ளே வரலாம். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் கால் கோட்டைத் தாண்டினால் ரன்னும் போகும், மறுபடி பந்தும் போட வேண்டும். ஆனால் சிவப்பு அட்டை? என் மச்சினன் வீட்டு டிவியில் ஃபுட்பால் பார்த்திருக்கிறேன். வாங்கினவன் தலையைத் தொங்கப் போட்டு வெளியேற வேண்டும், அவ்வளவுதான்.

தொங்கப் போட்டேன். வெளியேறினேன். “யப்பா!” என்று செல்வி கத்தினாள். சீக்கிரம் போ என்கிறாள் என்று நடையைக் கூட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் கோச்சடைப் பக்கம் போகிற பஸ் இரண்டை விட்டேன். மைதானத்திலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது. எந்தப் பக்கத்துச் சத்தமோ! துண்டில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். செல்வி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“எங்கப்பா போன?”

“அந்தாளுதான் அட்டையக் காட்டி வெளிய போகச் சொன்னாரே.”

“அது ஃபுட்பால்ல! இங்க எதிராளிக்கு ஒரு பாயிண்டு போகும், அம்புட்டுத்தான். ஆளு போக வேணாம்.”

“அப்ப என்னால தோத்துட்டமா?”

“உன்னால அவுங்களுக்குப் பதினாலு ஆச்சு. அப்புறம் வரிசையா மூணு பாயிண்டு எடுத்து ஜெயிச்சுட்டோம்ப்பா!”

பின்னால் ஒரு பிள்ளை கோப்பையைத் தூக்கிக் காட்டியது. அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“யாரு எண்ணுனது?”

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி பிள்ளைகள் சிரித்தார்கள். “அதே கடலைக்காரருதான் மேனேஜர் சார்!”

“அப்பச் சரி” என்றேன். நான் திரும்ப எண்ணாமல் ஒப்புக்கொண்ட கணக்கு அது ஒன்றுதான்.

செல்வியை விடுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போதும் சாப்பிடும்போது, மூன்றாவது தோசையை ஐந்தாவது என்கிறாள் என்று நான் என் மனைவியைச் சந்தேகப்பட்டால், அவள் சிவப்பு டப்பா மூடியை எடுத்து உயரத் தூக்கிக் காட்டுவாள். என் தட்டிலிருந்து ஒரு தோசை அவள் தட்டுக்குப் போகும். பழக்க தோஷத்தில் நான் எழுந்து வாசல் பக்கம் நடப்பேன்.

லீவுக்கு வந்திருந்தால் உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுப்பாள்: “யப்பா, உக்காரு! தோசைதான் போகும், ஆளு போக வேணாம்.”