பிளாட்டெல்லா ஜெர்மனிகாவும் நீலப் பெட்டியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இருபது வருடமாகக் குடியிருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். காரணம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படியுங்கள்.

கட்டடம் முழுக்கச் சின்னச் சின்னக் கரப்பான் பூச்சி. மேல்வீட்டு வக்கீலின் பல் துலக்கும் பிரஷ்ஷில் இரண்டு உட்கார்ந்து மீசையை ஆட்டியிருக்கின்றன. மருந்தடிக்க வந்தவர் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். படித்த மனுஷன், ரசீதில் 'பிளாட்டெல்லா ஜெர்மனிகா' என்று எழுதி, லத்தீனில் ஜெர்மானியருடையது என்று அர்த்தம் வேறு சொல்லித் தொலைத்தார். அத்தனை பேரும் என் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கட்டடத்தில் ஜெர்மனியில் மாப்பிள்ளை எடுத்தவன் நான் ஒருத்தன்தானே! போன தடவை நீங்கள் விட்டுப்போன நீலப் பெட்டியைப் பற்றி வக்கீல் குறுக்கு விசாரணையே நடத்திவிட்டார்.

விட்டேனா நான்? நூலகத்துக்கு ஓடி, மூன்று நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். ஜெர்மானியர்கள் இந்தப் பூச்சியை ரஷ்யன் என்கிறார்களாம், ரஷ்யர்கள் பிரஷ்யன், அதாவது ஜெர்மன்காரன், என்கிறார்களாம், தன்னுடையது என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்ளக் காணோம். ஜெர்மானியர் என்ற பெயரே அவர்களாக வைத்துக்கொண்டதில்லை, ரோமானியர் சொன்னதாம். அதற்கு அண்டை வீட்டான் என்று அர்த்தமோ என்று சில பண்டிதர்களுக்குச் சந்தேகமாம். எனக்கு உடனே வக்கீல் ஞாபகம் வந்தது. பூச்சி பிறந்ததோ ஆசியாவிலாம். இதையெல்லாம் நாலு பக்கம் எழுதி வீட்டுக்கார அம்மாளிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"சரிங்க, இது வெளிநாட்டுப் பூச்சி இல்ல, ரொம்ப நாளா இங்கயேதான் இருந்திருக்கு. இந்தக் கட்டடத்துல ரொம்ப நாளா இருக்கறது யாரு? நீங்கதானே?"

என் வாயாலேயே கெட்டேன், மாப்பிள்ளை. மகள் வளர வளர உயரம் அளந்து போட்ட பென்சில் கோடெல்லாம் சமையலறைக் கதவில் இருக்கிறது. கதவைக் கழற்றிக்கொண்டா போக முடியும்? உங்கள் மாமியார் அதைத் துடைக்கவும் மனசில்லாமல், விடவும் மனசில்லாமல் நிற்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. உங்கள் பெட்டியில் பூச்சி எதுவும் இருந்ததில்லை என்று அங்கே ஏதாவது ஆபீசில் முத்திரை வைத்து ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

எங்கள் ஆசி உங்கள் இருவருக்கும் என்றும் குறையாது. அது ஒன்றுதான் இப்போது கைவசம் இருக்கிறது.

இப்படிக்கு,
நொந்துபோன மாமனார்

பி.கு.: முத்திரை வேண்டாம். மகள் போன் செய்து, எங்கள் இருவரையும் அங்கேயே வந்துவிடச் சொல்லி அடம்பிடிக்கிறாள், டிக்கெட்டும் வந்தாயிற்று. உங்கள் மாமியார் அந்த நீலப் பெட்டியில்தான் துணி அடுக்குகிறாள். மூடும்போது இரண்டு உள்ளே ஓடின. உதறி உதறிப் பார்த்தும் அகப்படவில்லை. அங்கே யாராவது கேட்டால், ரஷ்யன் என்று சொல்லிவிடுங்கள்.