உள்ளேயிருந்து பாய்ந்த குண்டு

வீரம் ரத்தத்தில் ஊறி வருவது என்று உலகம் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தது. அது தேயிலை டிகாஷனில் ஊறி வருவது என்று கண்டறிந்து உலகைத் திருத்திய பெருமை கோயமுத்தூருக்கே, அதிலும் உக்கடத்தில் உள்ள நாகூர் மீரானின் மரப்பட்டறைக்கே உரியது.

மீரான் தொடக்கத்தில் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட பழைய மரப்பெட்டிகளை ஏலத்தில் எடுப்பார். தோட்டா வந்த பெட்டி, அதிகாரிகள் துணிமணி வைத்த பெட்டி, எது கிடைத்தாலும் சரி. உளுத்த பலகையை மாற்றி, துருப்பிடித்த கைப்பிடியைத் தேய்த்து, எண்ணெய் பூசி விற்பார். ஒரு பெட்டியின் மூலையைத் தடவிப் பார்த்தே, அதைச் செய்த தச்சன் சோம்பேறியா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

பிறகு அடுக்குமாடி நாகரிகம் வந்தது. ராணுவப் பெட்டி மேல் காபி வைத்துக் குடிப்பது 'ரசனை' ஆயிற்று. அந்த வேகத்துக்கு ராணுவத்தால் பெட்டிகளைக் கழிக்க முடியவில்லை. நாட்டின் பாதுகாப்பில் ஏற்பட்ட இந்தக் குறையை மீரான் தம் தோளில் ஏற்றுக்கொண்டு, புதிதாகவே பெட்டி செய்யத் தொடங்கினார்.

"இது புதுசுங்க. பழைய மாடல்ல நான் செஞ்சது" என்று ஒளிக்காமல் சொல்வார்.

"அது சரிங்க பாய். ஊட்டுக்கு வாரவங்க கேட்டா என்னன்னு சொல்றதுங்க?" என்று வாங்க வந்தவர்கள் கவலைப்படுவார்கள்.

அந்தக் கவலையைப் போக்கத்தான் பெட்டியைச் சைக்கிள் செயினால் அடித்து, ஆணி ஊறிய வினிகர் பூசி, டிகாஷனில் கழுவி, நான்கே நாளில் எண்பது வயதாக்கும் பணி ஆரம்பமாயிற்று. பெட்டி மேல் பட்டாளப் பெயரும் எண்ணும் எழுதுகிற எழுத்து இலாகா மனைவி இஸ்மத்திடம். தகரத்தில் எழுத்து வெட்டி, வெள்ளைப் பெயிண்டை ஒற்றி எடுப்பார். பாதி அழிந்த எழுத்தை எழுதுவதில் அவருக்கு நிகர் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் கருமத்தம்பட்டி பாலுசாமி காரில் வந்து இறங்கினார். நாற்பது விசைத்தறியும் ஒரு கல்யாண மண்டபமும் உடையவர்.

"ஏனுங்க பாய், எங்க தாத்தன் பட்டாளத்துல இருந்தாருங்க. பர்மா சண்டைங்க."

"அப்படீங்களா! எந்தப் பிரிவுங்க?"

"அதையும் நீங்களே நல்லதாப் பார்த்துப் போட்டுருங்க."

மீரான் சுத்தியலைக் கீழே வைத்தார். இதுவரை பெட்டிக்கு வயதைத்தான் கொடுத்திருக்கிறார். தாத்தாவைக் கொடுத்ததில்லை.

விஷயம் இதுதான். பாலுசாமியின் மகள் லோகப்பிரியாவுக்கும் ஆனைமலை மனோஜ்குமாருக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சம்பந்தி நெசப் பட்டாளத்துக்காரருங்க. நம்ம பக்கம் வெறும் தறியும் மண்டபமும் இருந்தா சரிக்குச் சரியா நிக்க முடியுங்களா?"

"அதுக்காக இல்லாததை எழுதுனா, பொய்யில்லீங்களா?"

"எங்க பொய்யிங்கறீங்க? தாத்தன் நெசம். பேரு நெசம். பெட்டி நெசம். நடுவுல சண்டை ஒண்ணுதானுங்க கொஞ்சம் முன்னப்பின்ன."

இவ்வளவு உண்மைகள் ஒரே இடத்தில் கூடியதை மீரான் அதுவரை பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டார். இஸ்மத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"என்னங்க, எழுத்து என்னுது. கேள்வி வந்தா பதில் உங்களுது. சொல்லிப்போட்டேன்."

பெட்டி முடிகிற நாளில் பாலுசாமி போன் செய்தார். "பாய், குண்டு பாஞ்ச ஓட்டை ஒண்ணும் வேணுங்க. சம்சாரம் ஆசைப்படறா."

மீரான் டிரில்லை எடுத்தார். மூடி இன்னும் மாட்டவில்லை. உள்பக்கம் கைக்கு வாட்டமாக இருந்தது. போட்டார் ஓட்டையை.

நிச்சயதார்த்த மண்டபத்தில் மணமகளைவிடப் பெட்டிக்கு அலங்காரம் அதிகம். சிவப்பு வெல்வெட், சம்பங்கி மாலை, 'போர்க்களம் கண்ட பெட்டி' என்று பித்தளைப் பலகை. 'பாரம்பரிய மீட்பு வல்லுநர்' என்று மீரானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று பெட்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். லேசாகக் காலைத் தாங்கியபடி வந்த சுபேதாரை யாரும் கவனிக்கவில்லை. அவர் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் குனிந்து, ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"சம்பந்தி, மரச் சிலாம்பு வெளிப்பக்கமாப் பேந்திருக்குதுங்க. குண்டு உள்ள இருந்து வெளிய போயிருக்குது."

வரிசை கலைந்து எல்லாரும் பெட்டியைச் சூழ்ந்தார்கள். பாலுசாமி அசரவில்லை.

"ஆமாங்க. தாத்தன் உள்ள இருந்துதானுங்க சுட்டாரு."

"பெட்டிக்குள்ள இருந்துங்களா?"

"அன்னிக்குப் பதுங்குகுழி கிடைக்கலீங்க."

கூட்டம் கை தட்டியது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுபேதார் பெட்டியை அளந்து பார்த்தார். மூன்றடி. சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைப் பார்த்தார். தாத்தா கதவு நிலையை மறைத்துக்கொண்டு ஆறடிக்கு நின்றிருந்தார்.

"ஏனுங்க பாய், செஞ்ச கைக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க" என்றாள் லோகப்பிரியா.

பொன்னாடைக்குள் மீரானுக்கு வியர்த்தது. பாலுசாமி கண்ணாலேயே கும்பிட்டார். பெண்கள் வரிசையில் இருந்த இஸ்மத் கும்பிடவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மணி, பெட்டி போன மாசம் நான் செஞ்சதுங்க. ஓட்டை டிரில் மிஷின்ல போட்டது. உள்ள இருந்து போட்டது என் தப்புங்க. தொழில் சுத்தம் பத்தலை."

நிச்சயம் நின்றுவிடும் என்று நினைத்த சமையல்காரர் அடுப்பைத் தணித்தார். பாலுசாமி நாற்காலியைத் தேடினார். அப்போது லோகப்பிரியா சிரித்தாள். சுபேதார் சிரித்தார். மனோஜ்குமார் இருவரையும் பார்த்துவிட்டுத் தாமும் சிரிப்பதே எதிர்காலத்துக்கு நல்லது என்று முடிவு செய்தார். தட்டு மாறியது.

ஆனால் உண்மை வெளிப்பட்டதன் மெய்யான பலன் பந்தியில்தான் தெரிந்தது. பாலுசாமியின் மைத்துனர் இலையோடு நகர்ந்து மீரான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாய், எங்க தாத்தனும் போயிருக்கோணுமுங்க. எங்குளுக்கு ரெண்டு ஓட்டை."

"ரெண்டுங்களா?"

"மச்சானுக்கு ஒண்ணுன்னா நமக்கு ரெண்டாவது வேண்டாங்களா?"

பாயசம் வருவதற்குள் பதினோரு குடும்பங்கள் பர்மா போய்த் திரும்பின. இத்தனை தாத்தாக்கள் போயும் அந்தப் போர் ஏன் நாலு வருடம் இழுத்தது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள்தான் விளக்க வேண்டும். "மொதல்ல செஞ்சது நம்ம பெட்டிங்க" என்று பாலுசாமி இலைக்கு இலை போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் சுபேதார் மீரானுக்காகக் காத்திருந்தார்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

"உங்குளுக்கு எதுக்குங்க? நீங்க நெசமாவே இருந்தவரு."

"இருபத்தெட்டு வருசமுங்க. என்ற பெட்டி தகரப் பெட்டி. ஊட்டுல மாட்டுத் தீவனம் போட்டு வெச்சிருக்காங்க. பட்டாளத்துல இருந்தேன்னா, கேண்டீன்லயான்னு கேக்கறாங்க."

மீரான் ஈரக் கையைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டார். "ஓட்டை?" என்று தயங்கிக் கேட்டார்.

"அது வேண்டாமுங்க. அது என்ற தொடையிலயே இருக்குது. வெளிய இருந்து வந்த குண்டுதான். ஆனா அதும் பக்கத்துல நின்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் போட்டோ எடுக்கலீங்க."

பதினோரு பெட்டிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு மீரான் அந்தப் பெட்டியைச் செய்தார். பலகைகளைப் பல்லோடு பல் கோத்து, மூலைக்கு மூலை கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. எழுத்து எழுதும்போது இஸ்மத் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. பெட்டி ஆனைமலைக்குப் போய்ச் சேர்ந்த வாரமே சுபேதாரிடமிருந்து போன் வந்தது.

"பாய், இப்ப ஊரே நம்பிப்போட்டுதுங்க! சுதந்திர தினத்துக்குக் கொடியேத்தக் கூப்பிட்டிருக்காங்க."

"சந்தோசமுங்க! போய்ட்டு வாங்க."

"பெட்டியையும் கொண்டாரச் சொன்னாங்க" என்றார் சுபேதார். பிறகு சொன்னார்: "வண்டியில இடம் பத்தலைன்னா, பெட்டிய மட்டும் அனுப்பினாப் போதுமாமுங்க."