ஊ சண்முகத்தின் இங்கிலீஷ் தட்டு

சங்கீதம் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அதற்கு விளக்கமும் சொல்லி ஊரைக் கெடுப்பான். நான் இரண்டாவது ரகம்.

ஒரு கிடார், யாங்கோன் கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒரு சிறிய குழு, இவைதான் அப்போது என் சொத்து. இவற்றை நம்பி வாணியைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தேன். வாணிக்குச் சம்மதம். அவளுடைய அப்பாவுக்கோ இப்படி ஒருவன் இருப்பதே தெரியாது.

அவர் ஊ சண்முகம். (பெயருக்கு முன்னால் ‘ஊ’ போடுவது பர்மிய மரியாதை. எங்கள் தமிழ்ப் பெரியவர்களும் அதை விட்டுக்கொடுப்பதில்லை.) போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். அவர் மனம் இளகுவது ஒரே ஒரு இசைத்தட்டுக்குத்தான். வாலிபத்தில் ஒரு கப்பல்காரனுக்கு லோஞ்சி என்கிற பர்மியக் கைலி ஒன்றைப் புதிதாகக் கொடுத்து, பதிலுக்கு வாங்கியது. ஏதோ ஓர் ஆங்கிலேய ப்ளூஸ் ராக் குழு. உறையில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாய் நனைந்துகொண்டிருக்கும். அந்தக் குழுவை அவர்கள் ஊரிலேயே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன், நனைந்த நாய்கள்தான் வந்தன.

அந்தத் தட்டை அவரைத் தவிர வீட்டில் யாரும் தொடக் கூடாது.

அவருடைய அறுபதாம் கல்யாணம் வந்தது. காலையில் கோயிலில் சடங்கு, மாலையில் மண்டபத்தில் விருந்து. விருந்துக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று வாணி சொல்லி, யார் யார் மூலமாகவோ எங்கள் குழுவை உள்ளே நுழைத்துவிட்டாள். திட்டம் எளிமையானது. அவருக்கு உயிரான அந்தப் பாட்டை நாங்கள் வாசிப்போம், அவர் உருகுவார், உருகிய சூட்டோடு நான் போய்ப் பெண் கேட்பேன். அப்பா கடைக்குப் போன நேரத்தில் வாணி தட்டை ஓடவிட்டு, கைபேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள்.

கேட்டேன். அசந்துவிட்டேன். பாட்டின் நடுவில் கிடார், டிரம், குரல் எல்லாம் ஒன்றாகத் தளர்ந்து, சுருதி கீழே கீழே போய், நின்றேவிடுமோ என்கிற இடத்தில் மெல்ல எழுந்து பழைய வேகத்துக்கு வந்தன. இப்படி ஒரு மேதைமையை நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் டிரம்மர் கோ சோவுக்குச் சந்தேகம். இன்சீனில் அவர் வீட்டில்தான் ஒத்திகை.

“தட்டு ரிப்பேரா இருக்குமோ?” என்று பர்மியத்தில் கேட்டார்.

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். “இதுதான் ப்ளூஸ். மனிதன் துக்கத்தில் சரிந்து மறுபடி எழுகிற இடம்” என்றேன். (என்ன ஒரு திமிர்!) என்னோடு வாதாடிப் பயனில்லை என்று கற்றவர், குச்சியை எடுத்தார்.

நான்கு பேர் ஒன்றாகச் சரிவது லேசான வேலை இல்லை. பேஸ் வாசிப்பவன் வாசித்துக்கொண்டே முறுக்காணியைத் தளர்த்தினான். நான் என் தொண்டையை வயிறு வரைக்கும் இறக்கினேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டம்மா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

விருந்தன்று மாலை பாட்டைத் தொடங்கியதும் ஊ சண்முகம் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வாணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை, பல்லெல்லாம் தெரியப் பாடினேன்.

பிறகு சரியும் இடம் வந்தது. சரிந்தோம்.

மண்டபம் முழுக்கத் தலைதூக்கி விளக்கைப் பார்த்தது. யாங்கோன்காரர்களுக்கு அது பிறவிப் பழக்கம். “கரண்டு இறங்குது, ஐஸ்பெட்டிய அமத்து!” என்று ஓர் அம்மா கத்தினார். மண்டபத்து ஆள் பின்பக்கம் ஓடி ஜெனரேட்டருக்கு மாற்றுகிறேன் என்று, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த விளக்கையெல்லாம் அணைத்தார். ஒலிபெருக்கி செத்தது. இருட்டில் என் குரல் மட்டும் கடமை தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல “மீ லா ப்யீ!” என்று கூவினார்கள், கரண்ட் வந்துவிட்டதாம்.

ஊ சண்முகம் மேடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இந்தப் பாட்ட எங்க கேட்டீங்க?”

“இன்டர்நெட்லங்க.”

“வாலிபத்துலேர்ந்து கேக்குறேன். அந்தப் பாட்டு எங்கயும் இறங்காது. இறங்குனது எங்க வீட்டு வோல்டேஜு, தட்டு மெதுவாச் சுத்திருக்கு.” முறைத்தார். “எங்க வீட்டு வோல்டேஜு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

வாணியைப் பார்த்தேன். அது அடுத்த தப்பு. நான் பார்த்த திசையில் அவரும் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் வாணியிடம் கேட்டேன், ஏன் முன்பே சொல்லவில்லை என்று.

“எங்க வீட்ல எல்லாப் பாட்டும் அப்பிடித்தான் கேக்கும். கரண்டு இறங்குனா ஏத்துற ஸ்டெப்அப் பெட்டிய நான்தான் திருகி ஏத்திவுட்டேன்” என்றாள். அவளுக்கு அது பாட்டின் பகுதி.

சில மாதங்கள் அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. வாணி கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு அவரே கூப்பிட்டனுப்பினார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்தேன். “உங்க மகள நான்...” அதற்குமேல் குரல் எழும்பவில்லை. ஊ சண்முகம் அவசரமில்லாமல் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கைப் பார்த்தார்.

“கரண்டு நல்லாத்தான் இருக்கு. பேசுங்க” என்றார்.

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அன்றிலிருந்து வீட்டில் நான் எந்தப் பதிலுக்கும் தடுமாறினால் மாமனாரும் மனைவியும் விளக்கைப் பார்ப்பார்கள். போன வாரம் மகளின் வகுப்பு ஆசிரியை, “வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து படிப்பது யார்?” என்று என்னைக் கேட்டார். நான் இழுத்தேன். மகள் நிதானமாகக் கூரை விளக்கைப் பார்த்தாள். மரியாதைக்கு ஆசிரியையும் பார்த்தார்.

மகள் பர்மியத்தில் அவருக்கு விளக்கினாள்: “அப்பாவுக்கு வோல்டேஜ் இறங்கிடுச்சு டீச்சர். அம்மா வந்துதான் ஏத்தணும்.”