இருபத்தைந்து கிகா வீட்டுக்காரர்

வேகப் பைத்தியங்களில் பல வகை உண்டு. நெடுஞ்சாலையில் காரை விரட்டுகிறவர்கள், பனிக்கட்டியில் சறுக்குகிறவர்கள், மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டுகிறவர்கள். இவர்களெல்லாம் பாவம், எங்கேயாவது போய்ச் சேரவேண்டும் என்று நினைக்கிறவர்கள். நான் இன்று உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தப்போகிறவர் எங்கேயும் போகமாட்டார். வீட்டு வாசலை ஒட்டிய மின்சார மீட்டர் அலமாரிக்குள் மேல்பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, கீழ்ப்பாதியின் தரிசனத்தை மட்டும் வருகிறவர் போகிறவருக்குத் தந்தபடி, வாரக்கணக்கில் அங்கேயே நிற்பார். இவர்தான் ஃபயர்வால்காரர்.

ஃபயர்வால் என்றால் வேறொன்றுமில்லை, வாட்ச்மேன். தெருவிலிருந்து இணையக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பார்க்கும். இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்காரனே இப்படி ஒரு வெள்ளை டப்பாவைச் சும்மா கொடுக்கிறான். நீங்களும் நானும் அதைச் செருகுவோம், பச்சை விளக்கு எரியும், செத்துப்போகும்வரை அதை மறந்துவிடுவோம். ஃபயர்வால்காரருக்கு இது தன்மானப் பிரச்சினை. சும்மா கிடைத்த டப்பாவை நம்புவதா? ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தேடி வாங்குவார். அதில் இலவச ஃபயர்வால் மென்பொருளை ஏற்றுவார். அதன் மூல நிரல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அவர் ஒரு வரியும் படித்ததில்லை. படிக்கலாம் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி.

நெதர்லாந்தின் டெவெண்டர் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் ரெய்னியர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவர் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். நகராட்சியில் தெருமரங்களின் பதிவேட்டைப் பராமரிக்கிற வேலை. மரங்களுக்கு அவசரமில்லை, அதனால் அவருக்கும் இல்லை. வீட்டில் அவர், மனைவி மார்லூஸ், ஒரு பூனை. இந்தக் குடும்பம் இணையத்தை எதற்குப் பயன்படுத்துகிறது? சைக்கிளை எடுப்பதற்கு முன் மழை வருமா என்று பார்க்க. ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்க்க. மார்லூஸின் அலுவலகக் கூட்டங்களுக்கு. அவ்வளவுதான். இதற்கு அவர் தன் ஃபயர்வால் பெட்டியில் வைத்திருந்தது, கம்பி செருகும் அட்டையான பத்து கிகா வேக நெட்வொர்க் கார்டு. போன வசந்தத்தில் அது போதவில்லை, இருபத்தைந்து வேண்டும் என்று கண்டுபிடித்தார்.

"தெருவுலேர்ந்து வர்றதே நாலு கிகாதானே? இருபத்தஞ்சு எதுக்கு?" என்று ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டேன்.

"நாளைக்கு வரும்ல?" என்றார், மகன் பிறப்பதற்கு முன்னாலேயே அவனுக்குப் பல்கலைக்கழகம் பார்க்கிற தகப்பனைப் போல.

கார்டைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம். ஏதோ ஒரு பெரிய சர்வர் கூடத்திலிருந்து பிடுங்கி விற்ற பழைய சரக்கு. அங்கே அதற்கு விமானம் கிளம்புகிற மாதிரி விசிறி இரைந்துகொண்டிருந்திருக்கும். இங்கே கோட்டும் குடையும் தொங்குகிற அலமாரி. வீட்டு இணைப்பைப் பழைய கார்டிலேயே விட்டுவிட்டு, இதையும் அதே பெட்டியில் செருகி ஓட்டிப் பார்த்தார், தொட்டால் விரல் சுடும் சூடு. உடனே ஒரு விசிறி வாங்கினார். அதன் சத்தத்தை அடக்க அலமாரிக் கதவில் பஞ்சு ஒட்டினார். பஞ்சு சூட்டை வெளியே விடவில்லை, இன்னொரு விசிறி வாங்கினார். கோட்டுகள் மாடிக்குக் குடிபெயர்ந்தன. வீட்டில் இந்தத் திட்டத்தை மனமார வரவேற்றது பூனை மட்டும்தான், கதவோரம் கதகதப்பாகப் படுத்துக்கொண்டது.

இந்தக் கார்டுகளைப் பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். இவற்றுக்கு விலை ஏறுவதே இவற்றின் சொந்த மூளையால்தான். வருகிற போகிற தரவைத் தாங்களாகவே சேர்க்கும், பிரிக்கும், சரிபார்க்கும். ஆனால் ஃபயர்வால் கையேட்டில் முதல் அறிவுரை என்ன தெரியுமா? கார்டின் அந்தக் கெட்டிக்காரத்தனங்களையெல்லாம் அணைத்துவிடவும், இல்லாவிட்டால் ஃபயர்வால் குழம்பிவிடும். ஊரெல்லாம் சல்லடை போட்டுப் படித்த மாப்பிள்ளையாகப் பிடித்து, தாலி கட்டிய கையோடு, "இனிமேல் நீங்க எதையும் யோசிக்க வேண்டாம், சும்மா நின்னா போதும்" என்று மூலையில் நிறுத்துவது போலத்தான். ரெய்னியர் ஒவ்வொரு மூளையாக அணைத்தார். அணைத்ததில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே!

சந்தேகம் வந்தால் இந்த இனத்தார் இணைய மன்றத்தில் கேட்பார்கள். மூன்று பதில் வரும். ஒருவர், "ஏன் இதைச் செய்யவேண்டும்?" என்பார். இன்னொருவர், "எனக்கு வேலை செய்கிறது" என்பார். மூன்றாமவர் கையேட்டைப் படிக்கச் சொல்வார். பத்து நாள் கழித்துக் கேட்டவரே வந்து, "தீர்ந்துவிட்டது, நன்றி" என்று எழுதுவார். எப்படித் தீர்ந்தது என்று எழுதமாட்டார். அதே நோயோடு அங்கே வந்து சேரும் அடுத்த அப்பாவி, அந்த ஒற்றை வரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதில் இவர்களுக்கு என்ன சுகமோ.

பிறந்தநாள் வீட்டிலும் இவரிடமிருந்து தப்பமுடியாது. வந்தவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிவிட்டு, வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு துண்டு ஆப்பிள் கேக் என்று மரியாதையாக இருப்பார்கள். ரெய்னியர் காத்திருப்பார். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். ஆனால் எங்கள் தெரு வீடுகளைக் கட்டிய புண்ணியவான் கழிவறையை மீட்டர் அலமாரிக்கு அடுத்த கதவாக வைத்துவிட்டான். கழிவறைக்கு எழுந்து போகிறவர் திரும்பி வர அரை மணி நேரமாகும். போன வருஷம் மார்லூஸின் சித்தப்பா, உள்ளே போவதற்கு முன்னாலேயே பிடிபட்டார். பாவம், வயதானவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்லூஸ் நீர் வாரியத்தில் வேலை பார்க்கிறாள். தாழ்ந்த வயல்களில் தேங்கும் மழைநீரை வெளியே தள்ளுகிற பம்பு நிலையங்கள் அவள் துறை. ஒன்பது வருஷமாகத் துணைத் தலைவி. தலைவர் பதவி இரண்டு முறை காலியாயிற்று, இரண்டு முறையும் அவளிடம் பயிற்சி பெறவேண்டிய யாரோ ஒருவரை மேலே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மூன்றாம் முறை காலியாயிற்று. இறுதி நேர்காணல் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வீட்டிலிருந்தே, திரையில். நான்கு ஊர்களிலிருந்து நான்கு பேர் கேள்வி கேட்பார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்குச் சுவருக்கு அப்பால் திருகாணி கழலும் சத்தம் கேட்டது.

"ரெய்னியர், இன்னிக்கு மட்டும் அதைத் தொடாதே. கையெடுத்துக் கும்பிடறேன்."

"உனக்காகத்தானே செய்யறேன்! நீ பேசறப்ப படம் பளிங்கு மாதிரி இருக்கணுமா, வேண்டாமா?"

"நேத்து வரைக்கும் பளிங்காத்தானே இருந்துச்சு?"

"அது பத்து கிகா பளிங்கு. பத்தே நிமிஷம் பொறு."

பத்தே நிமிஷம்! இந்த இனத்தின் தேசிய கீதம் அது. பத்தரைக்கு ஒருமுறை பாடினார். பன்னிரண்டுக்கு, நான் ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிடும்போது, இன்னொருமுறை. ஒரு மணிக்குக் குரல் கம்மிப்போய்ப் பாடினார்.

நடந்தது இதுதான். பழைய கார்டைக் கழற்றி எடுத்ததும் ஃபயர்வால் தன் கதவுகளுக்கு, அதாவது புதுக் கார்டில் கம்பி செருகும் துளைகளுக்கு, பெயரை மாற்றி வைத்துக்கொண்டது. தெருவிலிருந்து வரும் கம்பியை வீட்டுக் கதவிலும், வீட்டுக்குப் போகும் கம்பியைத் தெருக் கதவிலும் ரெய்னியர் செருகிவிட்டார். வாட்ச்மேனுக்கு வீடு தெருவாகவும் தெரு வீடாகவும் தெரிந்தது. கடமை தவறாத வாட்ச்மேன், வீட்டிலிருந்த எல்லாரையும் திருடர்கள் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்தியது. கையேட்டைப் பார்க்க வேண்டாமா? முன்யோசனைக்காரர், அதை எப்போதோ சேமித்து வைத்திருந்தார், அந்த ஃபயர்வாலைத் தாண்டினால் மட்டுமே எட்டக்கூடிய சர்வரில். எங்கள் தெருவில் கைப்பேசி சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிசயம்.

ஒன்று நாற்பதுக்கு என் வாசல் மணி அடித்தது. மார்லூஸ். மேலே இஸ்திரி போட்ட நீலக் கோட்டு, கீழே வீட்டுச் செருப்பு, கக்கத்தில் மடிக்கணினி.

"பக்கத்து வீட்டுக்காரரே, உங்க வீட்ல இன்டர்நெட் வருதா?"

"வருதே."

"என்ன பெட்டி வச்சிருக்கீங்க?"

"கம்பெனிக்காரன் சும்மா குடுத்த வெள்ளை டப்பாதான்."

"சூடம் காட்டணும் அதுக்கு" என்றபடி என்னைத் தாண்டி உள்ளே போனாள். சமையலறை மேஜையில் ரொட்டித் தட்டை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தேன். இரண்டு மணிக்குத் திரையில் நான்கு முகங்கள் வந்தன. நான் நடையில் நின்று, இருமல்கூட வராமல் பார்த்துக்கொண்டேன். நன்றாகப் பேசினாள். எனக்கே அவளை நம்பி ஒரு பம்பைக் கொடுக்கலாம் போலிருந்தது.

இரண்டு இருபதுக்கு ரெய்னியர் முன்கதவு வழியாகப் பூனைபோல் வந்தார். கையில் மடிக்கணினி, கழுத்தில் மாலையாகக் கம்பி.

"ஒரே ஒரு பக்கம் பாக்கணும். கையேட்டுல" என்று கிசுகிசுத்தார். முகத்தைப் பார்த்தால் இரக்கமாக இருந்தது. என் மீட்டர் அலமாரியைக் காட்டினேன். கம்பியைச் செருகினார், பக்கத்தைத் திறந்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். கதவுகள் மாறியது புரிந்துவிட்டது. ஒரு நிமிஷ வேலை. வந்த காரியம் முடிந்தது. மனிதர் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் இல்லையா?

போகவில்லை. அவரால் முடியாது. வேறொருவர் வீட்டு இணையத்தில் கம்பி செருகியிருக்கிறது, அளக்காமல் எப்படிப் போவது? வேகம் காட்டும் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினார். முள் எழும்பியது. என் வீட்டுக் கம்பியில் இருந்த கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக்கொண்டு எழும்பியது.

சமையலறைத் திரையில் அந்த நேரம் தேர்வுக் குழுவின் தலைமைக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஒரே மழை, மூணு பம்பு ஒண்ணா நின்னுபோச்சு. முதல்ல என்ன செய்வீங்க?"

"முதல்ல நான் செய்யறது…" என்றாள் மார்லூஸ். திரை உறைந்தது. நான்கு பேரும் நான்கு விதமாக வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒன்பது வருஷம் காத்திருந்தவள், வாக்கியத்தின் நடுவில் நின்றாள். அலமாரியிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "ஏறுது, ஏறுது…"

எனக்கு அவர் கழுத்துக் கம்பியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று தோன்றியது. மார்லூஸ் திரைக்கு மேலாக நிமிர்ந்து, திறந்த கதவு வழியே கணவரைப் பார்த்தாள். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்து திரை உயிர்பெற்றது.

"மார்லூஸ், 'முதல்ல நான் செய்யறது'ன்னு சொன்னதோட நின்னுட்டீங்க."

அவள் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "முதல்ல, பம்பு பக்கத்துல நின்னுகிட்டு அதை இன்னும் வேகமா ஓட்டப் பாக்கற கெட்டிக்காரரைத் தேடுவேன். வீட்டுக்கு அனுப்புவேன். முக்கால்வாசிப் பழுது அங்கேதான் ஆரம்பிக்குது. அப்புறம்தான் பம்பைத் தொடுவேன்."

நான்கு முகங்களும் சிரித்தன. "எங்க நிலையத்துலயும் ஒருத்தர் இருக்கார்" என்றது ஒரு முகம். "ஒருத்தர்தானா?" என்றது இன்னொன்று.

ரெய்னியர் கம்பியைச் சுருட்டினார். வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். இருந்தது பரிதாபம். என்மீது!

"உங்களுக்கு வர்றது ரொம்பக் கம்மிங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மார்லூஸுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. சனிக்கிழமை தலைவியாகத் தன் முதல் உத்தரவை வீட்டில் பிறப்பித்தாள். மாடியில் தூசி படிந்து கிடந்த வெள்ளை டப்பாவைத் தானே கொண்டுவந்து செருகினாள். நான்கு நிமிஷம் ஆனது. கோட்டுகள் அலமாரிக்குத் திரும்பின. இருபத்தைந்து கிகா பெட்டி பின்வாசல் கொட்டகையில் சைக்கிள்களோடு இருக்கிறது. அதற்கு ஜோடியாக ரெய்னியர் இன்னொரு பெட்டியும் வாங்கிவிட்டார். இரண்டும் அசுர வேகத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேச விஷயம்தான் ஒன்றுமில்லை. பூனையும் கொட்டகைக்கே போய்விட்டது.

நன்றாகச் சிரித்தீர்களா? நல்லது. இப்போது ஒரு சின்ன விஷயம். அன்று என் அலமாரியில் அந்த முள் எந்த எண்ணில் போய் நின்றது என்று நான் இதுவரை சொல்லவில்லை. ஒரு பெண்ணின் ஒன்பது வருஷம் நடுவாக்கியத்தில் தொங்கிய அந்த இடத்தில், உங்கள் மனத்தின் ஒரு மூலை "எத்தனை வந்துச்சாம்?" என்று கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால் வெட்கப்பட வேண்டாம், நானும் அன்று மாலையே அளந்து பார்த்தேன். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் தயவுசெய்து ஒரு நிமிஷம் எழுந்துபோய்ப் பாருங்கள், பக்கத்து அறையில் யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருக்கிறார்களா என்று.